ஏப்ரலுக்கு அப்புறம் தம்பி எங்கே போவான்?

கொங்குப் பகுதிக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். எட்டுப் பக்கக் கடிதம். பெயர், ஊர், பள்ளி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு 46 வயது. கணவர் சொந்தமாக டெம்போ ஓட்டுகிறார். மூத்தவள் 23 வயது மகள், கோவையில் வேலை பார்க்கிறாள். இரண்டாவது மகனுக்கு டவுன் சின்ட்ரோம். 17 வயதும் எட்டு மாதமும் ஆகிறது. எட்டு வயதிலிருந்து டவுனில் உள்ள ஒரு சிறப்புப் பள்ளிக்கு வேனில் போய்வருகிறான். 18 முடிந்தவர்களை வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லி, வரும் ஏப்ரலோடு முடித்து அனுப்பப் போகிறார்கள். "அதுக்கப்புறம் என்னங்க பண்றது?" என்று பள்ளியில் கேட்டதற்கு, "வீட்டுல வெச்சுப் பாத்துக்குங்க, இல்லீனா ஹோம் ஏதாவது பாருங்க" என்று பதில் வந்ததாம்.

அவரது கேள்விகள் நான்கு. மகனை விடுதியோடு கூடிய இல்லத்தில் சேர்த்துவிடலாமா? 18 முடிந்ததும் கோர்ட்டில் கார்டியன் ஆகாவிட்டால் அவன்மேல் பெற்றோருக்கு உரிமை போய்விடும், அதற்கு ஐம்பதாயிரம் செலவாகும் என்று ஒருவர் சொன்னது உண்மையா? ஒன்றரை ஏக்கர் காட்டையும் (அதாவது விவசாய நிலம்) வீட்டையும் இப்போதே மகள் பெயருக்கு எழுதிவைத்து, "தம்பியைப் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிடலாமா? பத்தாவது தேறாதவனுக்கு வேலை என்று ஒன்று உண்டா?

இவற்றுக்கு நடுவே ஒரு குறையும் சொல்லியிருக்கிறார். ஒரு வருடமாக மகன் மந்தமாகிவிட்டான். எடை கூடியிருக்கிறது, பேச்சு குறைந்திருக்கிறது. பள்ளி வேன் வந்தால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழ மறுக்கிறான். "ஆனா காலைல அஞ்சு மணிக்குப் பால் சொசைட்டிக்கு மட்டும் யாரும் எழுப்பாமயே அவங்க அப்பாரு கூடப் போயிடறான். சோம்பேறித்தனந்தானுங்களே?" (அப்பாரு என்றால் கொங்கு வழக்கில் தாத்தா.)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனை நீங்கள் கடிதம் முழுக்க 'தம்பி' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படியே அழைக்கிறேன்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பள்ளி சொன்னது இருக்கிறது, உங்கள் நாத்தனார் சொன்னது இருக்கிறது, ஜோசியர் சொன்னதுகூட அரைப் பக்கத்துக்கு இருக்கிறது. தம்பி சொன்னது மட்டும் ஒரு வரியும் இல்லை. குற்றமாகச் சொல்லவில்லை, என்னிடம் வருகிற கடிதங்களில் பெரும்பாலானவை இப்படித்தான். ஆனால் அவன் வாயால் சொல்லாத ஒன்று உங்களையும் அறியாமல் கடிதத்துக்குள் வந்துவிட்டது. அந்தப் பால் சொசைட்டி வரியில் நான் நின்றுவிட்டேன். வேனைக் கண்டால் கட்டிலைப் பிடித்துக்கொள்கிற பையன், விடியும் முன்னே தானாக எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான் என்றால் அதற்குப் பெயர் சோம்பேறித்தனம் இல்லை. எங்கே போகப் பிடிக்கிறது, எங்கே பிடிக்கவில்லை என்பதைத் தன்னால் முடிந்த மொழியில் தினமும் இரண்டு முறை சொல்கிறான்.

பள்ளிப் பருவத்திலிருந்து பெரியவர் வாழ்க்கைக்குப் போகும் இந்த இடைக்காலத்துக்குத் தனியாகத் திட்டம் வேண்டும். அமெரிக்காவின் சிறப்புக் கல்விச் சட்டப்படி, மாணவருக்கு 16 வயது ஆவதற்குள் அந்தத் திட்டம் அவருக்கென்று பள்ளி எழுதும் தனிநபர் கல்வித் திட்டத்தில் (ஐ.இ.பி.) ஏறியிருக்க வேண்டும், அதைப் பேசும் கூட்டத்துக்கு மாணவரையே அழைக்கவும் வேண்டும். நமது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கல்வி, தொழிற்பயிற்சி, வேலை மூன்றைப் பற்றியும் பேசுகிறது. ஆனால் பள்ளி முடிகிற நாளுக்கும் வேலைக்குச் சேர்கிற நாளுக்கும் நடுவில் யார் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது என்பது பெரும்பாலான ஊர்களில் யார் பொறுப்பும் இல்லை. அதனால் உங்களிடம் 'வீட்டுல வெச்சுப் பாத்துக்குங்க' என்று சொன்னார்கள். சரி, பள்ளி செய்யாததை நாமே செய்வோம். ஏப்ரலுக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன.

முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை

மற்ற எதைப் பற்றியும் யோசிக்கும் முன் தம்பியை மருத்துவரிடம் காட்டி தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைபாடு மற்றவர்களைவிட அதிகமாக வரும். அதனால்தான் அவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்பது வழக்கம். எடை கூடுவது, மந்தம், பேச்சு குறைவது என்று நீங்கள் எழுதிய மூன்றும் அதன் அறிகுறிகளாக இருக்கலாம். மாத்திரையில் சரியாகக்கூடிய ஒன்றைப் பிடிவாதம் என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்த பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்படியே காதையும் கண்ணையும் சோதித்துவிடுங்கள். காது கேட்பது குறைந்தால் பேச்சும் குறையும், கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். தூக்கத்தில் சத்தமாகக் குறட்டை விட்டு இடையிடையே மூச்சு நிற்பதுபோல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். இரவு தூக்கம் கெட்டால் பகலெல்லாம் சோர்வுதான். கழுத்தைப் பற்றியும் கேளுங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். உடம்பில் எதுவும் இல்லை என்றால் மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். பள்ளியில் அவனோடு இருந்த நண்பன் யாராவது சமீபத்தில் நின்றுவிட்டானா? வேனில் யாராவது அவனைச் சீண்டுகிறார்களா? இந்த இரண்டு கேள்விக்கும் வேன் டிரைவரிடமும் ஆயாவிடமும் பதில் கிடைக்கலாம்.

'மன வயது ஆறு' என்ற கணக்கு

தம்பியின் அறிவுத்திறன் சோதனை அறிக்கையில் அப்படி எழுதியிருப்பதாகச் சொல்லி, "அவன் குழந்தைதானுங்க" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த எண் ஒரு சோதனையில் அவன் எத்தனை கேள்விக்கு விடை சொன்னான் என்பதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஆறு வயதுக் குழந்தைக்கு 17 வருட அனுபவம் கிடையாது. ஐந்து மணிக்கு எழுந்து எந்தத் தூக்குவாளி யாருடையது என்று பிரித்துவைக்கத் தெரியாது. மீசை முளைத்ததும் கண்ணாடி முன் நிற்கத் தோன்றாது. தம்பிக்கு இதெல்லாம் உண்டு. நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

குழந்தை என்று நினைப்பதால் ஒரு ஆபத்தும் இருக்கிறது. யாரைக் கண்டாலும் கட்டிப்பிடிக்கிறான், ஊரே சிரிக்கிறது என்கிறீர்கள். பத்து வயதில் அழகாக இருந்தது 20 வயதில் புகாராக மாறும். இவனிடம் தவறாக நடந்துகொள்ள நினைப்பவருக்கும் அதுவே வசதியாகப் போய்விடும். இன்றைக்கே ஆரம்பியுங்கள்: வீட்டு ஆட்களுக்குத்தான் கட்டிப்பிடிப்பது, மற்ற எல்லாருக்கும் வணக்கம். குளிக்கும்போது கதவைச் சாத்துவது, தன் சட்டையைத் தானே தேர்ந்தெடுப்பது, ஷேவிங் கற்றுக்கொள்வது, இதெல்லாம் வேலைக்குப் போகத் தேவையான பயிற்சியும்தான். ஷேவிங்கை அவன் அப்பா சொல்லிக்கொடுக்கட்டும்.

அவனிடம் எப்படிக் கேட்பது

"கேட்டா எல்லாத்துக்கும் 'ஆமாங்'னுதான் சொல்லுவான்" என்பீர்கள். உண்மைதான். அறிவுத்திறன் குறைபாடு உள்ள பலர், கேட்பவரைச் சந்தோஷப்படுத்த எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவார்கள். அல்லது கடைசியாகக் காதில் விழுந்த வார்த்தையைத் திருப்பிச் சொல்வார்கள். "காப்பியா, டீயா?" என்றால் டீ. கொஞ்ச நேரம் கழித்து "டீயா, காப்பியா?" என்றால் காப்பி. எனவே ஒரே கேள்வியை இரண்டு நாள், இரண்டு வரிசையில் கேளுங்கள். ஒரே பதில் வந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

அதைவிட நல்லது, வாயால் கேட்காமல் இடத்துக்கே கூட்டிப்போவது. போனில் படம் எடுங்கள்: பால் சொசைட்டி, பள்ளி வகுப்பறை, மளிகைக் கடை, அப்பாவின் டெம்போ, மாமாவின் செடி நர்சரி. பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்பி, பிடித்ததை இந்தப் பக்கம், பிடிக்காததை அந்தப் பக்கம் வைக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் செய்யுங்கள். இரண்டு முறையும் பிடித்த பக்கம் வந்தவற்றுக்கு நேரில் கூட்டிப்போய் அரை நாள் விட்டுப் பாருங்கள். உற்சாகமாக இருக்கிறானா, எப்போது களைத்துப்போகிறான், யாரோடு ஒட்டிக்கொள்கிறான், எந்தச் சத்தம் பிடிக்கவில்லை என்று ஒரு நோட்டில் எழுதிவாருங்கள்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு கூட்டம் போடுங்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் இதற்கென்றே முறைகள் உண்டு. 'பாத்' என்று ஒன்று: சுவரில் பெரிய தாளை ஒட்டி, அந்த ஆளின் கனவை வலது ஓரத்தில் முதலில் வரைந்துவிட்டு, அங்கிருந்து இன்றைய நாள் வரை பின்னோக்கி வருவார்கள். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம், ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். யார் வர வேண்டும் என்பதை மட்டும் தம்பி முடிவு செய்யட்டும். அப்பாரு நிச்சயம் வருவார். அக்கா, அவனுக்குப் பிடித்த டீச்சர் ஒருவர், முடிந்தால் சொசைட்டி செயலாளரும். அவனைப் பற்றிக் குறை சொல்லியே பேசுகிற சொந்தக்காரர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் அன்றைக்கு வேண்டாம். (நாத்தனார் கோபித்துக்கொள்ளலாம். வேறொரு நாள் விருந்துக்கு அழைத்துச் சரிக்கட்டிக்கொள்ளுங்கள்.)

கூட்டத்தில் நாலே விஷயம் பேசுங்கள். தம்பியிடம் எல்லாருக்கும் பிடித்தது என்ன? அவனுக்கு ஒரு நல்ல நாள் எப்படி இருக்கும், கெட்ட நாள் எப்படி இருக்கும்? நீங்கள் இரவில் தூங்காமல் பயப்படுவது எதைப் பற்றி? அடுத்த மூன்று மாதத்தில் யார் எதைச் செய்யப்போகிறார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் பெயரோடும் தேதியோடும் இருக்க வேண்டும். 'பார்க்கலாம்' என்பது பதில் ஆகாது. தம்பி நடுவில் எழுந்து போனால் போகட்டும், திரும்பி வருவான். அவன் இருக்கும்போது 'இவன்', 'இது' என்று அவனைத் தாண்டிப் பேசாமல் அவனைப் பார்த்தே பேசச் சொல்லுங்கள்.

சொசைட்டியில் மூன்று வாரம்

பத்தாவது தேறாதவனுக்கு வேலை உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. முதலில் எல்லாத் திறமையும் கற்றுக்கொடுத்துவிட்டு அப்புறம் வேலைக்கு அனுப்புவது என்ற பழைய வழியில் பலர் ஆயுள் முழுக்கப் 'பயிற்சி'யிலேயே இருந்துவிடுகிறார்கள். சிறப்புப் பள்ளிகளின் தொழிற்பயிற்சிக் கூடம் என்றால் பினாயில், மெழுகுவத்தி, காகித உறை. ஊரில் இத்தனை பினாயிலை யார் வாங்குகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. அந்தப் பிள்ளைகள் எல்லாருக்கும் மெழுகுவத்திதான் பிடிக்கும் என்று யாரும் விசாரித்ததாகவும் தெரியவில்லை. மற்ற வழி, பிடித்த இடத்தில் முதலில் சேர்த்துவிட்டு, கூட ஒருவர் நின்று அங்கேயே பழக்குவது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு இதுதான் நன்றாக வேலை செய்கிறது. ஓர் இடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்கு மாற்றிச் செய்வது அவர்களுக்குச் சிரமம்.

சொசைட்டியில் ஒரு காலைப் பொழுதில் என்னென்ன நடக்கிறது என்று நீங்கள் ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். பால் ஊற்ற வருபவர்களை வரிசைப்படுத்துவது, மாதிரிக் குப்பியை டெஸ்டரிடம் எடுத்துக் கொடுப்பது, பால் அட்டையை வாங்கி அடுக்குவது, வேன் வந்து போனதும் தரையைக் கழுவுவது, காலி கேன்களைக் கழுவிக் கவிழ்ப்பது. இவற்றில் தம்பி ஏற்கெனவே எதைச் செய்கிறான்? எதைக் கொஞ்சம் பழக்கினால் செய்வான்? ஒரு வேலையை ஏழெட்டுச் சிறு படிகளாகப் பிரியுங்கள். கேன் கழுவுவதில் கடைசிப் படியான கவிழ்த்துவைப்பதை முதலில் அவன் செய்யட்டும், மீதியை நீங்கள் செய்யுங்கள். அது பழகியதும் அதற்கு முந்தைய படி. இப்படிக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் போனால் ஒவ்வொரு முறையும் வேலையை முடித்த திருப்தி அவனுக்குக் கிடைக்கும்.

கழுத்து விஷயம் இங்கேதான் வருகிறது. டவுன் சின்ட்ரோம் உள்ள சிலருக்குத் தலையைத் தாங்கும் மேல் கழுத்து எலும்புகளின் பிணைப்பு தளர்வாக இருக்கும். நடை மாறுவது, கழுத்து வலி, கை கால் பலவீனம், புதிதாகச் சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது போன்றவை இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். எதுவும் இல்லாவிட்டாலும் 40 லிட்டர் நிறை கேனைத் தூக்குவதும் தலையில் சுமப்பதும் வேண்டாம். இதைச் செயலாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

செயலாளரிடம் வேலை கேட்காதீர்கள், மூன்று வாரம் கேளுங்கள். "மூணு வாரம் வரட்டும், கூட நான் நிக்கறேன், சரிவரலைன்னா நிறுத்திக்கலாம்" என்றால் மறுப்பவர் குறைவு. சரிவந்தால் சம்பளம் பேசுங்கள். சின்னத் தொகையாக இருந்தாலும் மாதம் பிறந்ததும் அவன் கையில் கொடுக்கட்டும். "பாவம், பொழுது போக வரட்டும்" என்று இலவசமாக வேலை வாங்குவதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். அப்பாருக்கு 76 வயது என்கிறீர்கள். தம்பியின் காலைப் பொழுது முழுக்க அவர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அவர் ஒரு மாதம் படுத்தால் தம்பி எப்படிப் போவான்? அதே வழியில் பால் ஊற்றப் போகும் இன்னும் இரண்டு பேரோடு வாரத்தில் இரண்டு நாள் போகப் பழக்குங்கள். அப்புறம் அவர்கள் பின்னால் வர, அவன் முன்னால் நடக்கட்டும்.

சொசைட்டி சரிவராமலும் போகலாம். பால் நேரம் முடிந்தபின் பகல் முழுக்க என்ன என்ற கேள்வியும் நிற்கிறது. அதற்கு மாமாவின் நர்சரியைப் பாருங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அருகில் உள்ள பகல்நேரப் பயிற்சி மையங்களின் பட்டியலையும் வாங்குங்கள். படிப்பையும் முழுதாக மூடிவிட வேண்டாம். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவதை ஒவ்வொரு பாடமாக எழுதலாம், ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள் உண்டு. 14 வயது தாண்டியவர்களுக்கு மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புக்குச் சமமான தேர்வுகளும் அங்கே உண்டு. அரசு வேலைகளில் 4 சதவீத ஒதுக்கீட்டில் ஒரு சதவீதம் அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம் போன்ற பிரிவினருக்குச் சேர்த்து இருக்கிறது. அதற்காக இப்போதே ஆசையை வளர்த்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். ஆனால் தம்பிக்கு எழுதப் படிக்கப் பிடிக்கும் என்றால் அந்தக் கதவை நாமே சாத்தக் கூடாது.

கார்டியன், கோர்ட்டு, ஐம்பதாயிரம்

உங்களிடம் சொன்னவர் தவறாகச் சொல்லியிருக்கிறார். 18 வரை பெற்றோரே இயற்கைப் பாதுகாவலர். 18 முடிந்ததும் சட்டத்தின் பார்வையில் தம்பி பெரியவன். மாறுவது அவ்வளவுதான், மறுநாள் யாரும் வந்து அவனைக் கூட்டிப்போய்விட மாட்டார்கள். பாதுகாவலர் தேவைப்பட்டால் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்டத்தில் உள்ள உள்ளூர் நிலைக் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். கலெக்டர் நிலை அதிகாரி, பதிவு பெற்ற அமைப்பு ஒன்றின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் என மூவர் கொண்ட குழு அது. இதற்காகக் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஐம்பதாயிரம் கேட்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

ஆனால் கட்டாயம் விண்ணப்பிக்கத்தான் வேண்டுமா என்று கேட்டால், அவசரப்படாதீர்கள் என்பேன். 2016 சட்டத்தின் 13-ஆவது பிரிவு, சொத்து வைத்திருக்கவும் பணத்தைக் கையாளவும் மாற்றுத்திறனாளிக்கு மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு என்கிறது. 14-ஆவது பிரிவில் வரும் 'வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்', குறிப்பிட்ட ஒரு முடிவுக்காக, குறிப்பிட்ட காலத்துக்கு, அந்த நபரின் விருப்பப்படி அவரோடு சேர்ந்து முடிவெடுப்பவர். வங்கிக் கணக்கு தொடங்க, வேலைக்குப் போக, மருத்துவரைப் பார்க்கத் தம்பிக்கு உங்கள் உதவி வேண்டும். அந்த உதவிக்குப் பாதுகாவலர் சான்றிதழ் எல்லா இடத்திலும் தேவைப்படாது. சொத்து விற்பது, பாகம் பிரிப்பது மாதிரி வரும்போது தேவைப்படலாம், அப்போது வாங்கிக்கொள்ளலாம். வாங்கினால் கடமையும் கூடவே வரும். ஆறு மாதத்துக்குள் அவனுடைய சொத்துப் பட்டியலையும், அப்புறம் ஆண்டுதோறும் கணக்கையும் பாதுகாவலர் ஒப்படைக்க வேண்டும்.

18 முடிந்த கையோடு செய்ய வேண்டியவை வேறு. யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் படமும் விவரமும் புதிதாக இருக்கின்றனவா, மாற்றுத்திறன் சான்றிதழ் நிரந்தரமானதா என்று பாருங்கள். தமிழக அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வராவிட்டால் நல அலுவலகத்தில் உடனே விண்ணப்பியுங்கள். தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. அப்புறம் வாக்காளர் பட்டியலில் தம்பியின் பெயரைச் சேருங்கள். நீதிமன்றம் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று அறிவிக்காதவரை அவனுக்கும் ஓட்டு உண்டு. இதைச் சொன்னால் பல பெற்றோர் சிரிப்பார்கள். ஆனால் சொந்த அட்டையோடு வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொண்டு வந்த ஒரு பையன் அந்த விரலை ஒரு வாரம் ஊரெல்லாம் காட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

விடுதி பற்றி

நீங்கள் களைத்துப்போயிருக்கிறீர்கள். பதினேழரை வருடம் ஒரு கல்யாணத்துக்குக்கூட நிம்மதியாகப் போகவில்லை என்ற வரி என்னை வருத்தியது. களைப்பு நிஜம், ஆனால் அதற்கு மருந்து விடுதி இல்லை என்று நினைக்கிறேன். தம்பிக்குப் பிடித்த பாதை, பிடித்த ஆட்கள், பிடித்த வேலை எல்லாம் உங்கள் ஊரில் இருக்கின்றன. விடுதிக்குப் போனால் அத்தனையும் ஒரே நாளில் அறுந்துவிடும். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு சித்தி வீட்டில் தங்கப் பழக்குங்கள். உங்களுக்கு ஓய்வு, அவனுக்கு வேறு வீட்டில் தூங்கும் பழக்கம். நாளை உங்களுக்கு ஓர் ஆபரேஷன் என்றால் இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

பிற்காலத்தில் இல்லம்தான் வழி என்று ஆனால், பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். அங்கிருப்பவர்கள் பகலில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். நினைத்த நாளில் பிள்ளையைப் பார்க்க விடாத இடமாக இருந்தால் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வேண்டாம்.

காடும் வீடும், அக்காவும்

மகள் பெயருக்கு எழுதிவைப்பதை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். செட்டில்மெண்ட் பத்திரம் பதிவாகிவிட்டால் நினைத்தபோது திரும்பப் பெற முடியாது. உயில் என்றால் உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றி எழுதலாம். 'தம்பியைப் பார்த்துக்கொள்' என்று வாயால் சொன்னது பத்திரத்தில் ஏறாது. மகள் தங்கமானவளாகவே இருக்கட்டும். நாளை அவள் கணவரின் கடனோ நோயோ அந்தக் காட்டை விழுங்கினால் தம்பிக்கு ஒன்றும் மிஞ்சாது.

அடுத்து, மாற்றுத்திறன் இருப்பதால் தம்பிக்குச் சொத்துரிமை இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, நோயோ உடற்குறையோ காரணமாக யாருக்கும் வாரிசுரிமை போகாது என்று தெளிவாகச் சொல்கிறது. காடு உங்கள் கணவர் சம்பாதித்து வாங்கியதா, பாட்டன் வழி வந்ததா என்பதைப் பொறுத்து மற்றவை மாறும். மூலப்பத்திரத்தோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். உயிலோடு சேர்த்து ஒரு குடும்ப அறக்கட்டளை அமைத்து, அதன் வருமானம் தம்பியின் செலவுக்கு என்றும், இரண்டு பேர் சேர்ந்துதான் பணம் எடுக்க முடியும் என்றும் எழுத முடியுமா என்று அவரிடம் கேளுங்கள். அந்த இருவரில் ஒருவர் மகளாக இருக்கலாம், மற்றவர் குடும்பத்துக்கு வெளியே இருந்தால் நல்லது.

மகளிடம் இதைப் பற்றிப் பேசினீர்களா? கடிதத்தில் அவள் பெயருக்கு எழுதுவது பற்றி இருக்கிறது, அவளைக் கேட்டது பற்றி இல்லை. வரன் பார்க்கும் நேரம் வேறு. "கூடவே வெச்சுப் பாத்துக்க முடியாதும்மா, ஆனா பணக் கணக்கை நான் பாத்துக்கறேன்" என்று அவள் சொல்லலாம். அப்படிச் சொன்னால் கோபப்படாதீர்கள். அவளால் எது முடியும், எது முடியாது என்று இப்போதே தெரிந்தால்தான் மீதிக்கு வேறு ஆள் தேட உங்களுக்கு 20 வருடம் கிடைக்கும்.

தைராய்டு பரிசோதனையை மட்டும் இந்த வாரமே முடித்துவிடுங்கள். கூட்டத்துக்கு இன்னும் ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை. இரண்டும் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் தம்பி சொன்னது ஒரு வரியாவது இருக்கட்டும். எழுத முடியாவிட்டால் அவன் எடுத்துவைத்த படத்தை ஒட்டி அனுப்பினாலும் சரி.